ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் பொருந்த வேண்டுமானால்: அதிக பவர் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டு ஸ்டீரியோ, போர்டு வாங்கிச் சொந்தமாகக் கூட்டும் ஆம்ப், மேடை ஒலியமைப்பு என மூன்றுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றுதான். ஆம்ப் வோல்ட்டைக் கொடுக்கிறது. அந்த வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் ஓடும் என்பதை ஸ்பீக்கரின் ஓம் முடிவு செய்கிறது. வாட் இவ்விரண்டின் விளைவு. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்தே கிளம்புகின்றன. ஆம்ப்ளிஃபயர் என்பதை இனி ஆம்ப் என்றே சுருக்கி எழுதுகிறோம்.

100 வாட் ஆம்பில் 50 வாட் ஸ்பீக்கர் போடலாமா?

போடலாம், வால்யூம் உங்கள் கையில் இருக்கும்வரை. 100 வாட் என்பது ஆம்ப் தரக்கூடிய எல்லை. பாட்டு ஓடும்போது அது எந்நேரமும் 100 வாட்டைத் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. இசையில் தாள அடி விழும் உச்சங்களுக்கும் சராசரிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். நன்றாகப் பதிவு செய்யப்பட்ட பாட்டில் அது 15 டெசிபல் அளவில் இருந்தால், உச்சங்கள் வெட்டுப்படும் விளிம்பு வரை 100 வாட் ஆம்பை ஓட்டினாலும் ஸ்பீக்கருக்குப் போகும் சராசரி 6 வாட் மட்டுமே. சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்திய நடனப் பாட்டில் இடைவெளி 6 டெசிபலுக்குச் சுருங்கலாம். அப்போது அதே ஆம்ப், அதே வால்யூம், ஆனால் சராசரி 50 வாட். ஸ்பீக்கர் அதன் எல்லையில் நிற்கிறது.

ஆகவே வீட்டில் கேட்பதற்கு ஸ்பீக்கரின் தொடர் வாட் (இடைவிடாமல் தாங்கும் வாட்) அளவிலிருந்து அதன் இரு மடங்கு வரையான ஆம்ப் நல்ல பொருத்தம். வேறு யாரோ வால்யூமைத் திருப்பப் போகிறார்கள், விடிய விடிய ஓடப்போகிறது என்றால் ஸ்பீக்கர் அளவுக்கே ஆம்ப் எடுத்து, நடுவில் லிமிட்டர் (சிக்னல் ஓர் எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் கருவி) வையுங்கள்.

ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருக்கிறது, மீட்டர் 6 காட்டுகிறது. பழுதா?

இல்லை. மல்டிமீட்டர் அளப்பது வாய்ஸ் காயிலில் (ஸ்பீக்கரின் கூம்பான கோனை அசைக்கும் கம்பிச் சுருள், இனி காயில்) உள்ள செம்புக் கம்பியின் டி.சி. (ஒரே திசை மின்னோட்டம்) மின்தடையை மட்டும். 8 ஓம் ஸ்பீக்கரில் அது ஏறக்குறைய 5.5 முதல் 7 வரை இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில் 3.2 முதல் 3.7 வரை. பெட்டியில் அச்சிட்டிருப்பது இம்பீடன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு. அது அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஊஃபரின் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒத்ததிர்வுப் புள்ளியில் 30, 40 ஓம் வரை ஏறி, சற்று மேலே 6 சொச்சத்துக்கு இறங்கி, மீண்டும் ஏறும். சர்வதேசத் தரவிதிப்படி மிகக் குறைந்த புள்ளி அச்சிட்ட எண்ணின் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. 8 ஓம் என்றால் 6.4, 4 ஓம் என்றால் 3.2. இதை மீறும் பெட்டிகளும் சந்தையில் உண்டு.

மீட்டர் வைப்பதற்கு முன் அதன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் 0.2 அல்லது 0.3 ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள். குறைந்த ஓமில் அந்தப் பிழை பெரியது.

4 ஓம் ஸ்பீக்கர் போட்டால் பவர் இரட்டிப்பாகும் என்கிறார்களே?

காகிதத்தில் ஆகும். ஒரு ஆம்ப் 20 வோல்ட் தருகிறது என்று கொள்ளுங்கள். வோல்ட்டை வோல்ட்டாலேயே பெருக்கி ஓமால் வகுத்தால் வாட் கிடைக்கும்.

8 ஓம்: 2.5 ஆம்பியர், 50 வாட்
4 ஓம்: 5 ஆம்பியர், 100 வாட்
2 ஓம்: 10 ஆம்பியர், 200 வாட்

நடைமுறையில் கரண்ட் கூடக்கூட பவர் சப்ளையின் வோல்ட் இறங்கும். 8 ஓமில் 100 வாட் தரும் ஒரு சாதாரண ஆம்ப் 4 ஓமில் 150, 160 வாட் தந்தாலே நல்ல ஆம்ப்தான். சூடு மட்டும் தள்ளுபடி கேட்பதில்லை. ஏ.பி. வகை ஆம்பில் (வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்) ஓம் பாதியானால், அதே வால்யூமில் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் விழும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஹீட் சிங்க் 8 ஓமை மனதில் வைத்துப் போடப்பட்டிருந்தால் அரை மணி நேரத்தில் ஆம்ப் தானாக அணையும். பாதுகாப்புச் சுற்று இல்லாத ஆம்பாக இருந்தால் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகும்.

ஆம்பின் பின்பக்கத்தில் 'குறைந்தது 6 ஓம்' என்றோ '4 முதல் 16 ஓம்' என்றோ எழுதியிருக்கும். அந்தக் கீழ் எண்ணைத் தாண்டாதீர்கள். அதிக ஓம் ஸ்பீக்கரை இணைப்பதில் ஆபத்து இல்லை, வாட்தான் குறையும். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஆனது). அது பின்னால் வருகிறது.

சில ஏ.வி. ரிசீவர்களில் (டி.வி., சினிமா ஒலிக்கான வீட்டு ஆம்ப்) 8 ஓம், 4 ஓம் என்று ஒரு தேர்வு இருக்கும். அதை 4-க்கு மாற்றினால் பெரும்பாலும் உள்ளே நடப்பது, சப்ளை வோல்ட்டைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான். பவர் கூடுவதில்லை.

வாட் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகுமா?

ஆகாது. இரட்டிப்பு வாட் 3 டெசிபல்தான் தரும். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்ற அளவு. இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். 50 வாட் போதவில்லை என்று 80 வாட் ஆம்ப் வாங்குபவருக்குக் கிடைப்பது 2 டெசிபல். பணத்தை அங்கே போடுவதில் அர்த்தமில்லை.

ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியைப் பாருங்கள். 1 வாட் கொடுத்து 1 மீட்டரில் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அது. 88 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட்டில் 108 டெசிபல் தரும். 94 டெசிபல் ஸ்பீக்கருக்கு அதே 108-ஐ எட்ட 25 வாட் போதும். ஆம்பை மாற்றாமலேயே நான்கு மடங்கு பவர் சேர்ந்த பலன். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 1 மீட்டரில் 108 என்றால் 4 மீட்டரில் 96.

சென்சிட்டிவிட்டி எண்ணில் ஒரு பொடி எழுத்து உண்டு. பல தயாரிப்பாளர்கள் 1 வாட் என்று சொல்லாமல் 2.83 வோல்ட் என்று எழுதுவார்கள். 8 ஓமில் 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். 4 ஓமில் அதே 2.83 வோல்ட் 2 வாட். ஆக 2.83 வோல்ட்டில் 90 என்று எழுதிய 4 ஓம் ஸ்பீக்கர் உண்மையில் வாட்டுக்கு 87 தான்.

ஆர்.எம்.எஸ்., புரோகிராம், பீக், பி.எம்.பி.ஓ. எதை நம்புவது?

ஸ்பீக்கரில் தொடர் வாட்டை. அதையே பலரும் ஆர்.எம்.எஸ். வாட் என்கிறார்கள். புரோகிராம் வாட் அதைப் போல இரு மடங்கு, பீக் நான்கு மடங்கு என்பது தொழில்முறை ஸ்பீக்கர்களில் வழக்கம். '1200 வாட் பீக்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் 300 வாட் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்கான உச்ச வாட் எண்ணான பி.எம்.பி.ஓ.-வைப் புறக்கணியுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை எதுவும் இல்லை.

ஆம்பின் வாட் எண் பக்கத்தில் சிதைவு எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் அளந்த எண் என்றால், சுத்தமாகக் கேட்கும் பவர் அதில் முக்கால்வாசியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும்.

ஒரே சேனலில் இரண்டு, நான்கு ஸ்பீக்கர்களை எப்படி இணைப்பது?

பக்க இணைப்பில் எல்லாப் பிளஸ்களும் ஆம்பின் பிளஸ்ஸுக்கு, எல்லா மைனஸ்களும் மைனஸ்ஸுக்கு. ஒரே ஓம் உள்ளவை என்றால் ஓமை எண்ணிக்கையால் வகுக்கலாம். 8 ஓம் இரண்டு: 4. மூன்று: 2.67. நான்கு: 2. தொடரிணைப்பில் முதல் ஸ்பீக்கரின் மைனஸ் இரண்டாவதின் பிளஸ்ஸுக்குப் போகும், ஓம்கள் கூடும். 8 ஓம் நான்கையும் இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி, அந்த இரண்டு ஜோடிகளைப் பக்கமாகச் சேர்த்தால் மொத்தம் மீண்டும் 8 ஓம். நான்கு ஸ்பீக்கர் வைக்க மிகப் பாதுகாப்பான வழி இதுவே. நான்கும் ஒரே மாடலாக இருக்க வேண்டும்.

சத்தக் கணக்கு பலரைக் குழப்புகிறது. ஒரே வகை ஸ்பீக்கர் இரண்டை அருகருகே வைத்துப் பக்க இணைப்பில் போட்டால், தாழ்ந்த அதிர்வெண்களில் 6 டெசிபல் கூடும். ஆம்ப் இரட்டிப்பு வாட் தருவதால் 3, இரண்டு கோன்கள் சேர்ந்து காற்றைத் தள்ளுவதால் 3. தொடரில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்தான். கூட்டிப் பார்த்தால் ஒற்றை ஸ்பீக்கரின் சத்தமே வரும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு காயிலும் கால் பங்கு வாட்டில் வேலை செய்கிறது, ஆம்ப் பாதிக் கரண்ட்டில் ஓடுகிறது.

ஆம்பில் ஏ, பி என்று இரண்டு ஜோடி ஸ்பீக்கர் முனைகள் இருந்தால் அவை இரண்டு தனி ஆம்புகள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஆம்புகளில் ஏ, பி இரண்டையும் அழுத்தினால் உள்ளே பக்க இணைப்புதான் நடக்கிறது. இரண்டிலும் 4 ஓம் மாட்டினால் ஆம்ப் பார்ப்பது 2 ஓம்.

இரட்டைக் காயில் சப் ஊஃபருக்கும் இதே விதி. 4 ஓம் காயில் இரண்டு என்றால் தொடரில் 8, பக்கமாக 2. ஒரு காயிலை மட்டும் இணைத்துவிட்டு மற்றதைச் சும்மா விட்டால் தாங்கும் வாட் பாதியாகும். இரண்டில் ஒன்றைத் தலைகீழாக இணைத்தால் கோன் அசையாது, காயில் மட்டும் சூடாகும்.

4 ஓமையும் 8 ஓமையும் கலக்கலாமா?

பக்கமாகக் கலந்தால் மொத்தம் 2.67 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு பங்கும் 8 ஓம் ஒரு பங்கும் வாட் எடுக்கும். தொடரில் கலந்தால் நேர்மாறு: 12 ஓம், 8 ஓம் ஸ்பீக்கருக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதோடு தொடரில் ஒன்றின் இம்பீடன்ஸ் ஏற்ற இறக்கம் மற்றதன் தொனியையும் கெடுக்கும். வெவ்வேறு ஸ்பீக்கர்களைத் தனித்தனிச் சேனலில் போடுங்கள்.

இரண்டு ஆம்புகளின் அவுட்புட்டை ஒரே ஸ்பீக்கரில் சேர்த்தால் பவர் கூடுமா?

கூடாது, எரியும். நவீன ஆம்பின் வெளியீட்டு மின்தடை ஓமில் நூறில் சில பங்குதான். இடது சேனல் 10 வோல்ட்டும் வலது சேனல் 9 வோல்ட்டும் தரும் ஒரு கணத்தில், அந்த 1 வோல்ட் வித்தியாசம் ஸ்பீக்கரைச் சுற்றிவிட்டு ஒரு ஆம்பிலிருந்து மற்றதற்குள் பல பத்து ஆம்பியரைத் தள்ளும். ஸ்டீரியோ ஆம்பின் இரு பிளஸ்களையும் முறுக்கி மோனோ ஆக்க முயல்வதும் இதே தவறு. மோனோ வேண்டுமானால் சிக்னலை உள்ளீட்டுப் பக்கத்தில், ஒவ்வொரு சேனலுக்கும் 1 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் போட்டுச் சேருங்கள்.

எல்.எம். 3886 போன்ற ஆம்ப் சிப்புகளைப் பக்கமாகச் சேர்த்த சுற்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒவ்வொரு சிப்பின் வெளியீட்டிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் இருக்கும், கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) ரெசிஸ்டர்கள் மிக நுணுக்கமாகப் பொருத்தப்பட்டிருக்கும், எல்லாச் சிப்புக்கும் ஒரே சிக்னல் போகும். வெளியிலிருந்து இரண்டு பெட்டிகளை இணைப்பது அதற்கு ஈடாகாது.

பிரிட்ஜ் முறை என்றால் என்ன? எப்போது பாதுகாப்பு?

ஸ்டீரியோ ஆம்பின் ஒரு சேனலுக்குச் சிக்னலை அப்படியே கொடுத்து, மற்றதற்குத் தலைகீழாகக் கொடுத்து, ஸ்பீக்கரை இரண்டு பிளஸ்களுக்கும் இடையே மாட்டுவது. ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுப்பதால் ஸ்பீக்கருக்கு இரு மடங்கு வோல்ட். கணக்குப்படி நான்கு மடங்கு வாட், சப்ளை ஒத்துழைக்கும் அளவில் நடைமுறையில் இரண்டரை முதல் மூன்று மடங்கு.

இதற்குக் கொடுக்கும் விலை: ஒவ்வொரு சேனலும் ஸ்பீக்கரின் பாதி ஓமைத்தான் பார்க்கும். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சேனலுக்கு 4. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 2. ஆகவே ஸ்டீரியோவில் 'குறைந்தது 4 ஓம்' என்றால் பிரிட்ஜில் குறைந்தது 8. பிரிட்ஜ் சுவிட்ச் ஆம்பிலேயே இருந்தால் மட்டும் செய்யுங்கள். சுவிட்ச் இல்லாத ஆம்பில் இரண்டு பிளஸ்களுக்கு இடையே மாட்டினால் இரு சேனலிலும் ஒரே சிக்னல் என்பதால் சத்தமே வராது, அல்லது இடது வலது வித்தியாசம் மட்டும் கேட்கும்.

பிரிட்ஜில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் உண்டு. எதையும் தரையோடோ ஆம்பின் உடலோடோ தொடவிடாதீர்கள். ஆசிலாஸ்கோப்பின் கிரவுண்டு கிளிப்பை அங்கே மாட்டுவது ஷார்ட் செய்வதற்குச் சமம். இன்றைய சின்ன டி வகுப்பு (டிரான்சிஸ்டரை அதிவேகமாகத் திறந்து மூடி இயங்கும் வகை) போர்டுகளில் பெரும்பாலானவை உள்ளுக்குள்ளேயே பிரிட்ஜ்தான். அதனால் அவற்றின் இடது மைனஸ்ஸையும் வலது மைனஸ்ஸையும் ஒரே ஒயரில் சேர்க்கக் கூடாது. மூன்று ஒயர் மட்டும் ஓடும் பழைய ஸ்பீக்கர் வயரிங்கில் இத்தகைய போர்டை மாட்டி எரித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

12 வோல்ட் அடாப்டரில் '2 × 100 வாட்' போர்டு ஓடுமா?

ஓடும், 100 வாட் வராது. 12 வோல்ட் சப்ளையில் பிரிட்ஜ் ஆம்ப் ஒரு ஸ்பீக்கருக்குத் தரக்கூடிய உச்ச வோல்ட் 12. உச்ச வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, ஓமின் இரு மடங்கால் வகுங்கள். 144 ஐ 8 ஆல் வகுத்தால், 4 ஓமில் 18 வாட். இழப்புகளைக் கழித்தால் 15. 8 ஓமில் அதில் பாதி. போர்டில் எந்த எண் அச்சிட்டிருந்தாலும் இதைத் தாண்ட வழியில்லை, உள்ளே வோல்ட்டை உயர்த்தும் சுற்று இருந்தாலொழிய.

டி.பி.ஏ. 3116 சிப்பை எடுத்துக்கொண்டால், 21 வோல்ட்டில் 4 ஓமுக்கு இரண்டு சேனலிலும் 50 வாட் என்பது தயாரிப்பாளர் தரும் எண். சப்ளை 26 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்கு 24 வோல்ட் 4 ஆம்பியர் அடாப்டர் தாராளம், 30 வாட் சொச்சம் கிடைக்கும். 4 ஓம் என்றால் 5 ஆம்பியருக்குக் குறையாமல் பாருங்கள்.

பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஆம்ப் விட்டுவிட்டு அணைந்தால், ஸ்பீக்கரைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரைப் பாருங்கள். உச்சக் கரண்ட்டைத் தாங்காமல் அது தன்னைப் பாதுகாத்துக்கொள்கிறது. போர்டின் சப்ளை முனைகளில் 2200 முதல் 4700 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்று உதவும். அதற்கு மேல் போனால் சில அடாப்டர்கள் கிளம்பவே மறுக்கும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்புக்கு எத்தனை வோல்ட், எத்தனை வி.ஏ.?

24-0-24 டிரான்ஸ்ஃபார்மரை (நடு முனையிலிருந்து இருபுறமும் 24 வோல்ட் தருவது) எடுத்துக்கொள்வோம். 24-ஐ 1.414 ஆல் பெருக்கி டயோடு இழப்பைக் கழித்தால் இருபுறமும் 33 வோல்ட். முழு லோடில் அது 30 அளவுக்கு இறங்கும், டிரான்சிஸ்டர்கள் இன்னும் 3 வோல்ட் சாப்பிடும். மிஞ்சும் 27 வோல்ட் உச்சத்தில் 8 ஓமுக்கு 45 வாட். வி.ஏ. (வோல்ட் × ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன்) அளவுக்கு, எல்லாச் சேனல்களின் வாட்டையும் கூட்டி ஒன்றரை முதல் இரண்டு மடங்கு எடுங்கள். 45 வாட் இரண்டு சேனலுக்கு 150 வி.ஏ. போதும். வடிகட்டும் கெப்பாசிட்டர் ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட்.

லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எழுதிய வோல்ட்டைவிட 10 சதவீதம் கூடுதலாகத் தரும் என்பதை மறப்பவர்கள்தான் அதிகம் சிப் எரிக்கிறார்கள். டி.டி.ஏ. 2030-இன் எல்லை இருபுறமும் 18 வோல்ட். 12-0-12 போட்டால் 17 தானே வரும் என்று கணக்குப் போடுவார்கள். லோடு இல்லாத நேரத்தில் வருவது 18-க்கும் மேல். மின்வழங்கலும் சற்று ஏறியிருந்தால் முடிந்தது கதை. 9-0-9 அல்லது 10-0-10 போடுங்கள், அல்லது 22 வோல்ட் தாங்கும் 2030 ஏ வகையை எடுங்கள்.

சின்ன ஆம்பே ஸ்பீக்கரை எரிக்கும் என்பது உண்மையா?

பாதி உண்மை. வோல்ட் போதாமல் அலையின் தலை வெட்டுப்படுவதையே கிளிப்பிங் என்கிறோம். வெட்டுப்பட்ட அலை டி.சி. ஆகிவிடுகிறது, அதனால் காயில் எரிகிறது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. தவறு. வெட்டுப்பட்ட அலையும் மேலும் கீழும் சமமாகவே போகிறது.

எரிப்பது சராசரி வெப்பம். 100 வாட் ஆம்பை முற்றாக வெட்டுப்படும்வரை தள்ளினால் அது சதுர அலையாகி 200 வாட் வரை போகும். இன்னொன்று இதைவிட முக்கியம். பேஸ் உச்சங்கள் வெட்டுப்பட்டு அங்கேயே நின்றுவிட, வால்யூமைக் கூட்டக் கூட நடு ஒலிகளும் மேல் ஒலிகளும் மட்டும் ஏறிக்கொண்டே போகும். '100 வாட்' என்று எழுதிய இருவழிப் பெட்டியில் (ஊஃபரும் ட்வீட்டரும் உள்ளது) மேல் ஒலிக்கான ட்வீட்டர் தனியாகத் தொடர்ந்து தாங்குவது பெரும்பாலும் 10 வாட் அளவுதான். இசையின் ஆற்றலில் சிறு பங்கே மேலே போகும் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்டது அது. அதனால்தான் கிளிப்பிங்கில் முதலில் போவது ட்வீட்டர்.

நேர்மாறான பக்கமும் உண்டு. 20 வாட் ஆம்பை எவ்வளவு சதுரமாக்கினாலும் 40 வாட்டுக்கு மேல் தராது. தனித்து 50 வாட் தாங்கும் ஊஃபரை அதனால் சுட முடியாது. சிவப்பு விளக்கு எப்போதாவது மின்னினால் பரவாயில்லை, எரிந்தபடியே நின்றால் குறையுங்கள்.

வால்யூம் பாதியில்தான் வைத்திருந்தேன், எப்படி எரிந்தது?

வால்யூம் குமிழ் வாட் அளவுகோல் இல்லை. பல ஆம்புகள் 0.775 வோல்ட் உள்ளீட்டிலேயே முழு பவரை எட்டும். மிக்சரோ தொலைபேசியோ 1.5 வோல்ட் தந்தால் குமிழ் பாதி தாண்டும் முன்பே ஆம்ப் எல்லையைத் தொட்டுவிடும். ஆம்பின் பின்புறக் கெயினைக் குறைத்து வைப்பதும் பாதுகாப்பாகாது. முன்னால் இருப்பவர் மிக்சரைக் கூட்டினால் அதே வாட் வந்துவிடும்.

பேஸ் குமிழும் சேர்ந்ததுதான் கணக்கு. 6 டெசிபல் கூட்டினால் அந்தப் பகுதியில் நான்கு மடங்கு வாட், 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு.

லிமிட்டரை எத்தனை வோல்ட்டில் வைப்பது?

ஸ்பீக்கரின் தொடர் வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 300 வாட் 8 ஓம்: 49 வோல்ட். 200 வாட் 4 ஓம்: 28.3 வோல்ட்.

1. ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிவிடுங்கள். கழற்றாமல் செய்தால் சோதனையே ஸ்பீக்கரைக் கொன்றுவிடும்.
2. 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுங்கள். மலிவான மல்டிமீட்டர்களின் ஏ.சி. அளவு 50 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள்தான் நம்பகமானது. 1000 ஹெர்ட்ஸில் குறைத்துக் காட்டலாம்.
3. ஆம்ப் முனைகளில் ஏ.சி. வோல்ட்டைப் பார்த்தபடி சிக்னலைக் கூட்டுங்கள். கணக்கிட்ட எண்ணில் வோல்ட் ஏறாமல் நிற்கும்படி லிமிட்டரைக் கீழிறக்குங்கள்.
4. சிக்னலை இன்னும் 10 டெசிபல் கூட்டி, வோல்ட் அசையவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

இது சராசரி வெப்பத்துக்கான காவல். ட்வீட்டருக்குத் தனி ஆம்ப் இருந்தால் அதற்கான வாட்டில் தனியாகச் செய்யுங்கள்.

சப் ஊஃபர் வாட் எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் 'டக் டக்' என்று அடிக்கிறது?

கோன் நகரும் எல்லையைத் தாண்டி, காயில் பின்தட்டில் மோதும் ஒலி அது. அதிர்வெண் பாதியானால் அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு நகர வேண்டும். துளை வைத்த பெட்டியில், துளையின் இசைவு அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைத் தாங்கும் காற்றுப் பிடிப்பே போய்விடும். அங்கே பத்தில் ஒரு பங்கு வாட்டிலேயே மோதலாம். 40 ஹெர்ட்ஸுக்கு அமைத்த பெட்டி என்றால் 35 ஹெர்ட்ஸில் செங்குத்தான ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுப்பது) போடுங்கள். ஆம்பை மாற்றுவதால் இது தீராது.

ஸ்பீக்கர் ஒயர் எவ்வளவு தடிமன்?

போய்வரும் மொத்த மின்தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் மீட்டருக்கு 0.0175 ஓம். ஸ்பீக்கர் 10 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 20 மீட்டர், 0.35 ஓம். 8 ஓமுக்குச் சரி, 4 ஓமுக்கு ஆகாது. 2.5 சதுர மில்லிமீட்டரில் 0.14 ஓம், இரண்டுக்கும் ஆகும். செம்பு பூசிய அலுமினிய ஒயர் என்றால் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, ஒரு அளவு பெரியதாக எடுங்கள்.

அதிக வாட்டுக்கு 6.35 மில்லிமீட்டர் ஜாக்கைத் தவிருங்கள். செருகும்போது நுனி பல சாக்கெட்டுகளில் கணநேரம் ஷார்ட் ஆகும். நியூட்ரிக்கின் ஸ்பீக்கான் வகை அதற்காகவே வந்தது.

100 வோல்ட் லைன் ஆம்பில் 8 ஓம் ஸ்பீக்கரை நேராக மாட்டலாமா?

கூடவே கூடாது. 100 வோல்ட் லைன் என்பது பல ஸ்பீக்கர்களை நீண்ட தூரம் ஓட்ட, முழு வெளியீட்டில் 100 வோல்ட் தரும் அமைப்பு. அந்த வோல்ட்டில் 8 ஓம் 1250 வாட் கேட்கும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் லைன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதில் தேர்ந்த வாட் முனைகளைக் கூட்டி, ஆம்பின் 80 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். 250 வாட் ஆம்புக்கு 10 வாட் முனையில் 20 ஸ்பீக்கர். ஓம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், வாட்டைக் கூட்டினால் போதும்.

வால்வ் ஆம்புக்கு மட்டும் ஏன் வேறு விதி?

அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரில் 4, 8, 16 ஓம் முனைகள் தனித்தனியாக உண்டு, ஸ்பீக்கரின் ஓமுக்கு உரியதில் மாட்டுங்கள். ஸ்பீக்கரே இல்லாமல் சிக்னல் கொடுத்தால் உள்ளே எழும் உயர் மின்னழுத்தம் டிரான்ஸ்ஃபார்மரின் காப்புறையைத் துளைத்துவிடும்.

புதிதாகக் கூட்டிய ஆம்பை ஸ்பீக்கரில் மாட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

டி.சி. தான். ஏ.பி. வகை ஆம்பில் ஒரு அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் சப்ளையின் முழு 35 வோல்ட்டும் காயிலில் நிற்கும். 6 ஓம் செம்பில் 200 வாட் வெப்பம், அசைந்து காற்று வாங்கவும் வழியில்லை. சில நொடிகளில் புகை, பெட்டிக்குள் பஞ்சு இருந்தால் தீ.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது மெயின்ஸ் ஒயரில் 60 முதல் 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடரில் வையுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் சரி, பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். பிறகு உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல், பிளஸ் மைனஸ் முனைகளுக்கு இடையே டி.சி. மில்லி வோல்ட் அளங்கள். 50-க்குள் இருந்தால் மாட்டலாம். 100 தாண்டினால் காரணம் தெரியும்வரை மாட்டாதீர்கள். பிரிட்ஜ் போர்டுகளில் ஒவ்வொரு முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே பாதி சப்ளை வோல்ட் காட்டுவது இயல்பு, இரண்டு முனைகளுக்கு இடையே பார்ப்பதுதான் கணக்கு.

நிரந்தரப் பாதுகாப்புக்கு டி.சி. கண்டறியும் ரிலே போர்டு போடுங்கள். ரிலே திறக்கும்போது டி.சி. பொறி முனைகளுக்கு இடையே தொடர்ந்து எரிந்து முனைகளை ஒட்டவைத்துவிடலாம். ஸ்பீக்கரை ரிலேயின் நடு முனையில் மாட்டி, ஓய்வு முனையைக் கிரவுண்டில் இணைத்தால், பொறி கிரவுண்டுக்குத் திரும்பி ஃபியூஸைப் போக்கும், காயில் தப்பும்.

கடைசியாகத் துருவம். 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டில் ஒன்று உள்ளே போனால், வாட் எவ்வளவு கூட்டினாலும் பேஸ் வராது.

எரிந்த வாசனை வந்தது, ஆனால் இன்னும் பாடுகிறது. தொடரலாமா?

வேண்டாம். ஆம்பை அணைத்து, காயில் ஆறியதும் டி.சி. ஓமை அளங்கள். முன்பு 6 காட்டியது இப்போது 3 காட்டினால் சுற்றுகளுக்கிடையே காப்பு உருகியிருக்கிறது, அடுத்து ஆம்பையும் சேர்த்து இழுக்கும். ஓம் சரியாக இருந்தால் கோனின் இரு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல உள்ளே தள்ளுங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் வடிவம் குலைந்திருக்கிறது, கோனும் காயிலும் மாற்ற வேண்டும். உரசல் இல்லை, ஓமும் மாறவில்லை என்றால் குறைந்த சத்தத்தில் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை சைன் அலையை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் கரகரப்பு வராவிட்டால் அந்த ஸ்பீக்கரை மீண்டும் பயன்படுத்தலாம், முன்பு ஓட்டிய அளவைவிட 3 டெசிபல் கீழே.